மலைநாட்டிலிருந்து ஒரு கடல்: ஐவன் பீரிஸின் ஓவியங்களும் நெய்தல் மரபும்

ஓர் ஓவியன் தான் தீட்டும் பொருளை எங்கிருந்து பெறுகின்றான் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கிலுள்ளன. கண்ணெதிரே கண்டதைத் தீட்டினான் என்பது ஒன்று; காணாததைக் கற்பனையாற் படைத்தான் என்பது மற்றொன்று. முதல் விடையை ஏற்போர் கலைஞனின் பிறந்த ஊர், வாழ்ந்த வீடு, பழகிய மாந்தர் ஆகியவற்றைத் தேடித் தொகுத்து, அத்துடன் ஆய்வு நிறைவெய்தியதாகக் கருதுவர். இரண்டாம் விடையை ஏற்போர் ‘கலையுள்ளம்’ என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுவர். கண்டது, காணாதது என்னும் இப்பாகுபாடு போதுமானதன்று. ஒரு பொருள் கலைஞனுக்கு எவ்வகை உறவில் நிற்கின்றது என்பதே வினவத்தக்கது. அப்பொருள் அவன் என்றும் காணாததாக இருக்கலாம். நாடோறும் அவன் அருகிலேயே இருப்பதாகலாம். ஒருகாலத்தில் இருந்து பின் அவன் விட்டு நீங்கியதாகவும் இருக்கலாம். இம்மூன்று உறவுகளும் மூன்று வேறுபட்ட மெய்ப்பாடுகளைத் தோற்றுவிக்கின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இதனை ஆராய்வதற்குக் கண்டி பொருத்தமான நிலைக்களம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து செல்ல, மலைகள் சூழ்ந்த நகரம் இது. இங்கிருந்து எத்திசை நோக்கினும் கடல் தெரிவதில்லை. எனினும் இந்நகரையும் இதன் சூழலையும் விட்டுவிட்டு இலங்கையின் ஓவியத்திற் கடல் பெற்ற இடத்தைப் பேசவியலாது.

1. காணாக் கடல்: மகரம்

கண்டிப் பகுதியிலுள்ள விகாரைகளின் வாயில்களிலே மகர தோரணத்தைக் காணாதார் இல்லை. மகரம் கடல்வாழ் விலங்கு என்பது மரபு. ஆயின் அது எக்கடலிலும் நீந்தியதன்று. முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் உடல், சிங்கத்தின் கால், மயிலின் தோகை எனப் பல உயிர்களின் உறுப்புக்கள் அதில் ஒன்றுசேர்ந்துள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூலிற் கண்டிக் கைவினைஞரின் இத்தகைய வடிவங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கண்டிக்கு அணித்தாக அமுணுகம என்னுமிடத்திலுள்ள தெகல்தொறுவைக் குகை விகாரையின் சுவரோவியங்கள் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியவை. கீர்த்தி சிறீ இராஜசிங்கன் காலத்து மறுமலர்ச்சியின் விளைவாக அவை எழுந்தன. மதுரையிலிருந்து வந்த நாயக்க மரபினனான இம்மன்னன் 1747 முதல் 1782 வரை ஆண்டவன். செந்நிறப் பின்னணியிற் கதை நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைநிலைப் பட்டைகளிலே செல்ல, இடைவெளிகளை மரங்களும் மலர்களும் நிரப்புவது அவ்வோவிய மரபு. அங்கு நீரென்பது அலைகோடுகளும் மீன்களும் தாமரையுமாகக் குறிக்கப்படுவது. அதற்கு ஆழமுமில்லை, அடிவானமுமில்லை.

இங்கே வரலாற்றுச் செய்தியொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. 1766 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையினால் இம்மன்னன் இலங்கையின் கரையோரம் முழுவதையும் அவர்கள் ஆட்சிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன்பின் கண்டி அரசு நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட அரசாயிற்று. உப்புக்கும் கருவாட்டுக்கும் அது கரையோரத்தையே எதிர்நோக்கியது. பொதிமாடுகளின் தவளங்களே அவற்றை மலையேற்றின. இத்தகைய அரசின் கோயில் வாயில்களிலே கடல்விலங்கு காவல் நின்றதென்பது சுவையானதொரு முரண்.

ஆயினும் இம்முரணிலிருந்து விரைந்து முடிபு கொள்ளல் ஆகாது. மகரம் கண்டியிற் பிறந்ததன்று. இந்தியாவிலும் சாவகத்திலும், கடலை நன்கறிந்த நாடுகளிலும், அது தொன்மையாகவே காணப்படுகின்றது. எனவே கடலின்மை மகரத்தைப் படைத்தது என்று கூறவியலாது. அதனைப் படைத்தது மரபே. கடலின்மை செய்தது வேறொன்று. மீனை நாள்தோறும் வலையிலே கண்டவன் அதன் செதிலையும் துடுப்பையும் அவ்வளவு எளிதில் மாற்றத் துணியான். மலைநாட்டுக் கைவினைஞனுக்கு அத்தகைய தடையெதுவும் இருக்கவில்லை. மகரத்தின் வாலை மயிற்றோகையாக விரித்து, அத்தோகையைக் கொடியாக்கி, கொடியிலே பூவையும் பூக்கவைத்து அவன் விளையாடினான். காணாத கடலின் மெய்ப்பாடு விளையாட்டு. அக்கடலில் யாரும் இறந்ததுமில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருந்ததுமில்லை.

2. அருகில் நின்ற பொருள்: ஜோர்ஜ் கீற்

கண்டி ஈன்ற ஓவியருள் முதன்மையானவர் ஜோர்ஜ் கீற். 1901 இற் கண்டியிலே பறங்கியர் குடும்பத்திற் பிறந்து, திரித்துவக் கல்லூரியிற் கற்றவர். அக்கல்லூரியின் தேவாலயமோ, கண்டி அரசவை மண்டபத்தின் அமைப்பைத் தழுவிக் கற்றூண்களால் எழுப்பப்பட்டு, டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்களைத் தாங்கி நிற்பது. விவிலியக் காட்சிகளை இந்நாட்டு மாந்தரிடையிலும் இந்நாட்டு நிலத்திலும் வைத்துத் தீட்டியவர் பெயின்ரர்.

கீற்றின் ஓவிய வாழ்க்கை மல்வத்தை விகாரையின் அயலிலே உருவாயிற்று. பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டமை, சிங்களக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தமை, ஜயதேவரின் கீதகோவிந்தத்தை மொழிபெயர்த்து 1940 இல் வெளியிட்டமை, பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களிற் புத்தர் வரலாற்றைத் தீட்டியமை ஆகியன யாவரும் அறிந்தவை. பிக்காசோவின் கோட்டு முறையினைக் கற்றவரெனினும் அவர் தீட்டிய பெண்டிர் கண்டிக் கிராமத்துப் பெண்டிரே. சிறிமல்வத்தை என்னும் சிற்றூரில் அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் நீர் முகப்பதையும் நெல் அளப்பதையும் நாடோறும் கண்டவர் அவர். 1993 இல் தமது 92 ஆம் வயதில் மறையும்வரை காதலர் இணையே அவரது தூரிகையின் தலையாய பொருளாக விளங்கியது.

கீற்றின் ஓவியங்களில் இடைவெளி மிகக் குறைவு. தடித்த கருங்கோடு ஓருருவின் தோளிலிருந்து புறப்பட்டு மற்றதன் கன்னமாக முடிகின்றது. இருவர் முகங்கள் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்ளும் படங்களும் உள. சட்டகத்துள் வானத்துக்கே இடமில்லாதபடி உடல்கள் நிறைந்து நிற்கின்றன. அருகிலிருக்கும் பொருளைத் தீட்டுவோன் இடைவெளியைத் தீட்டவேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

தமிழ் மாணவருக்கு இங்கே ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். மலைநகரத்து ஓவியர் புணர்ச்சியைத் தமது பொருளாகக் கொண்டமை தற்செயல் ஒற்றுமையே. கீதகோவிந்தத்தின் நிலம் மலையன்று, யமுனைக் கரையாகும். கீற் தொல்காப்பியத்தின்வழி நடந்தார் எனக் கூறுவது நகைப்பிற்கிடமாகும். ஆயினும் திணைக்கோட்பாட்டைச் செல்வாக்கு ஆராய்ச்சிக்கன்றி அளவுகோலாகப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உயிரும் தொழிலும் கரு. அங்கு நிகழும் உணர்வு உரி. எந்நாட்டுக் கலையையும் இம்மூன்றாகப் பகுத்து நோக்கலாம். இவ்வளவுகோலின் பயன் அடுத்து வரும் ஓவியரிடத்தே தெளிவாகப் புலப்படும்.

3. விட்டு நீங்கிய கடல்: ஐவன் பீரிஸ்

1943 ஆம் ஆண்டு கொழும்பிலே லயனல் வென்ற் என்பாரின் முயற்சியால் உருவான ‘43 குழு’ இலங்கையின் நவீன ஓவியத்துக்கு வித்திட்டது. கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், றிச்சார்ட் கேப்ரியேல், மஞ்சுசிறீ முதலியோருடன் அதிற் சேர்ந்திருந்த இளைஞர் ஐவன் பீரிஸ். 1921 இற் கொழும்புக்குத் தெற்கேயுள்ள தெகிவளையிலே கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பிற்காலத்தில் ‘ரேகாவ’ (1956), ‘கம்பெரலிய’ (1963) ஆகிய திரைப்படங்களாற் புகழ்பெற்ற லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. ஹரி பீரிஸிடம் ஓவியம் பயின்று, 1946 இல் மேற்படிப்பிற்காக இலண்டன் சென்று, 1949 இல் நாடு திரும்பினார். 1953 இல் மீண்டும் இங்கிலாந்து சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். 1988 இல் அவர் இறந்த இடம், தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்திலுள்ள சவுத்தென்ட் என்னும் கரையோர நகரம். ஆயுளிற் பாதிக்குமேல் அவர் அயல்நாட்டிலேயே கழித்தார்.

அவர் தீட்டியவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் பொருள் கடற்கரை. அக்கரை எது என்பதே நமது வினா. சவுத்தென்டிலும் கடல் உண்டு. அங்கே நீர் வற்றும்போது ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குச் சேற்றுநிலம் வெளிப்படும். கப்பல் அணைவதற்காக இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் நீளமான இறங்குதுறையொன்றை அங்கே கட்டவேண்டியிருந்தமைக்கு அதுவே காரணம். தெகிவளைக் கடலோ வற்றிப் பின்வாங்குவதில்லை. இலங்கைக் கரையில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக் கூடத் தொடுவதரிது. புகையிரதப் பாதையைத் தாண்டினால் ஒடுங்கிய மணற்பரப்பு, சாய்ந்த தென்னைகள், நேர்கோடாகக் கிடக்கும் அடிவானம், மேற்கே விழும் ஞாயிறு என்பதே அதன் தோற்றம். ஐவன் பீரிஸின் ஓவியங்களில் உள்ளது இக்கரையே. கண்ணெதிரே சாம்பனிறக் கழிமுகம் கிடக்க, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கைவிட்டுவந்த கரையைத் தீட்டினார். கண்டதைத் தீட்டினான் என்ற விடை இங்கே பொருந்தாது. காணாததைக் கற்பித்தான் என்ற விடையும் பொருந்தாது.

அவ்வோவியங்களின் அமைப்பு எளிமையானது. மணல், கடல், வானம் என மூன்று கிடைநிலைப் பட்டைகள். அவற்றைச் செங்குத்தாக வெட்டி நிற்கும் ஒரு தென்னை அல்லது ஓருருவம். உருவங்கள் ஒன்றோ இரண்டோ. சில படங்களிலே சிறு கூட்டம். அவர்கள் நீண்ட ஆடையுடுத்து, முகக்குறி தெளிவின்றி, அசைவற்று நிற்கின்றனர். பலர் கடலை நோக்கி நிற்கின்றனர். வண்ணங்கள் அடங்கியவை, பொழுது பெரும்பாலும் அந்தி அல்லது நிலவொளி. தேவாலயத்தின் பீடத்தருகே நிற்கும் அடியாரின் அடக்கத்தை அவ்வுருவங்களிற் காணலாம். அவரது கத்தோலிக்க வளர்ப்பு அந்நிலையிலே தங்கியிருத்தல் கூடும்.

தமிழ் மரபு இத்தகைய காட்சிக்கு ஏற்கெனவே பெயரிட்டிருக்கின்றது. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது ஞாயிறு சாயும் வேளை. உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். முதலும் உரியும் ஐவன் பீரிஸிடத்தே இத்துணைத் துல்லியமாகப் பொருந்தி நிற்றல் வியப்பிற்குரியது. ஆழ்ந்து நோக்கின் ஒரு வேறுபாடும் புலனாகும். சங்கச் செய்யுளிலே இரங்குபவள் கரையிலிருப்பவள். பிரிந்து சென்றவன் பேசுவதில்லை. இங்கோ பிரிந்து சென்றவனே ஓவியன். கரையில் நிற்கும் உருவங்கள் யாரை எதிர்நோக்கி நிற்கின்றன? கடலுக்கு அப்பாலிருந்து இப்படத்தைத் தீட்டுகின்றவனையே என்று கொள்வதிற் பிழையில்லை. தன்னை எதிர்பார்த்து நிற்போரைப் பிரிந்தவனே தீட்டுகின்றான். அவர்களது இரங்கலைத் தன் இரங்கலுக்கு உருவமாக்குகின்றான். அவ்வுருவங்களுக்கு முகம் தெளிவாக இல்லாமைக்கும் காரணம் இதுவாகலாம். பல்லாண்டு பிரிந்திருந்தவனுக்கு நிற்கும் நிலை நினைவிலிருக்கும், முகம் மங்கிவிடும்.

4. ஒரு தடை, அதற்கு விடை

இக்கருத்திற்கு வலுவான தடையொன்று உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்நாட்டுத் தமிழ்த் திறனாய்வு மண்வாசனை, தேசிய இலக்கியம் என்னும் கோட்பாடுகளை முன்வைத்தது. பேராதனை மாணவராயிருந்து பின் அங்கேயே கற்பித்த கைலாசபதியும், அவருடன் சிவத்தம்பியும் கலையைச் சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது என வற்புறுத்தினர். அக்கோட்பாட்டினர் ஐவன் பீரிஸின் கடற்கரைக்கு முன் நின்று வினவக்கூடியவை பல. இக்கரையிலே கரைவலை இழுப்போர் எங்கே? வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டி எங்கே? பட்ட கடனைத் தீர்க்கமுடியாமல் அடுத்த பருவத்தையும் அவனுக்கே எழுதிக்கொடுத்த கூலியாள் எங்கே? மீன் உலர்த்தும் வாடியும் அதன் நாற்றமும் எங்கே? உழைப்பு நீங்கிய கடற்கரை விடுமுறைக்கு வந்தவனின் கடற்கரை அல்லவா?

இவ்வினாக்களைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. ‘உணர்வே முக்கியம், தொழில் முக்கியமன்று’ என்று விடையிறுப்பதும் போதாது. ஏனெனில் தமிழ்ச் செய்யுள் மரபே அவ்விடையை ஏற்காது. நெய்தற் பாடல்களிலே இரங்கல் இருக்கின்றது. அதனோடு பரதவர் வலையும் திமிலும் இருக்கின்றன. மணலில் உலரும் மீனைக் கவரவரும் புள்ளும், அதனை ஓட்டும் மகளும் இருக்கின்றனர். உப்பு விளையும் பாத்தியும், அவ்வுப்பை வண்டியிலேற்றி உள்நாடு செல்லும் உமணரும் இருக்கின்றனர். கருப்பொருள் இல்லாத உரிப்பொருளைச் சங்கப் புலவர் அரிதாகவே பாடினர். அவ்வளவுகோலால் அளந்தால், ஐவன் பீரிஸிடம் முதல் நிறைவாக உள்ளது; உரி நிறைவாக உள்ளது; கரு மெலிந்துள்ளது. இதுவே அவர் ஓவியத்தின் குறை. ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருதலும், சிற்சில படங்களிலே துயர் வெறும் அழகாக நழுவிவிடுதலும் இக்குறையின் விளைவுகளே.

ஆயின் இக்குறைக்குக் காரணம் வர்க்க நோக்கு மட்டுமே எனக் கொள்வது பொருந்தாது. பிரிவின் இயல்பிலும் அதற்குக் காரணம் உண்டு. ஒரு நிலத்தை விட்டு நீங்கியவனிடம் எது நெடுநாள் தங்குகின்றது? அடிவானத்தின் கோடு தங்கும், மாலையொளி தங்கும், அங்கே தான் உற்ற உணர்வு தங்கும். எந்த மாதத்தில் எந்த மீன் படும், வலையின் எப்பகுதிக்கு என்ன பெயர், கிழிந்த கண்ணியை எவ்வாறு முடிவது என்பன முதலில் மறக்கப்படுவன. ஏனெனில் அவை பயிற்சியால் வாழ்பவை. நினைவால் மட்டும் வாழ்வனவல்ல. முதலும் உரியும் நினைவிற்குரியன, கரு புழக்கத்திற்குரியது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இம்மெலிவால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. கருப்பொருள் மிகுந்த கலை அந்நிலத்தை அறிந்தவனுக்கே முழுமையாகத் திறக்கும். ஐவன் பீரிஸின் கரையோ தெகிவளையை அறியாதவனையும் உள்ளே அனுமதிக்கின்றது. கடலையே அரிதாகக் காணும் கண்டி மாணவன் ஒருவனும் அதன்முன் நின்று இரங்கலை உணரக்கூடும். இழப்பையும் ஆக்கத்தையும் சேர்த்தே கணக்கிடுதல் திறனாய்வின் கடன்.

5. நமக்குரிய வினா

மேற்கூறியது ஓவியத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. 1983 ஆம் ஆண்டு ஆடி வன்செயலின் பின் இந்நாட்டுத் தமிழர் பல இலட்சம் பேர் கடல்கடந்து சென்றனர். கனடாவிலும் நோர்வேயிலும் பிரான்சிலும் இருந்து அவருட் பலர் தமிழில் எழுதினர், எழுதிவருகின்றனர். ஐவன் பீரிஸ் தாமே விரும்பிச் சென்றவர், இவர்கள் துரத்தப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டை மறைத்தல் தகாது. விரும்பிச் சென்றவனுக்குத் திரும்பும் வழி திறந்திருந்தது. துரத்தப்பட்டவனுக்கு வீடே இல்லாமற் போயிருக்கலாம். ஆயினும் விட்டு நீங்கிய கரையைத் தொலைவிலிருந்து படைப்பது எவ்வாறு என்னும் கலைச்சிக்கல் இருசாராருக்கும் பொதுவானது.

புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் பற்றி இருவகைத் தீர்ப்புக்கள் நம்மிடையே வழங்குகின்றன. இம்மண்ணிலே வாழாதவன் இம்மண்ணை எழுதலாகாது என்பது ஒன்று. பிரிந்தவனின் ஏக்கமே தூய கலை என்பது மற்றொன்று. ஐவன் பீரிஸின் வழக்கு இரண்டையும் மறுக்கின்றது. வாழாத கரையை அவர் உண்மையாகவே தீட்டினார். அவ்வுண்மை முதலிலும் உரியிலும் உள்ளது. அதேவேளை ஏக்கம் ஒன்றே போதுமானதாக இருக்கவில்லை. கருவிற் குறை நேர்ந்தது. ஆகவே புலம்பெயர்ந்த படைப்பொன்றை எடுத்துக்கொள்ளும் திறனாய்வாளன், ‘இவன் எங்கே வாழ்கின்றான்’ என்று வினவுவதைக் காட்டிலும், ‘இதில் எது நினைவால் வந்தது, எது புழக்கத்தால் வந்திருக்க வேண்டும், இல்லாததை இவன் எதனால் நிரப்பினான்’ என்று வினவுதல் பயனுடையது. நிரப்பவியலாத இடத்தை வெறுமையாகவே விட்டிருப்பின் அதுவும் நேர்மையே. ஐவன் பீரிஸின் முகமற்ற உருவங்கள் அத்தகைய நேர்மையின் பாற்பட்டவை. மறந்த முகங்களுக்குப் பதிலாகப் பொய்முகங்களை அவர் வரையவில்லை.

தொகுத்து நோக்கின், மலைநாட்டுக் கைவினைஞன் காணாத கடலைக்கொண்டு விளையாடினான். கீற் அருகிலிருந்ததை இடைவெளியின்றித் தழுவினார். ஐவன் பீரிஸ் நீங்கியதை நோக்கி இரங்கினார். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று வகுப்பதற்கில்லை. பொருளுக்கும் கலைஞனுக்குமுள்ள உறவு மாறும்போது உரிப்பொருளும் மாறுகின்றது என்பதே பெறப்படுவது.

தமிழிலக்கியம் பயில்வோர் ஓவியத்தைத் தமக்குப் புறம்பானதாகக் கருதும் போக்கு நம்மிடையே நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. திணைக்கோட்பாட்டைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் நாம் அதனை ஒரு படத்தின் முன் நின்று பயன்படுத்திப் பார்ப்பதில்லை. தெகல்தொறுவைக்குப் பேராதனையிலிருந்து அரைநாட் பயணம் போதும். திரித்துவக் கல்லூரித் தேவாலயம் நகரத்துள்ளேயே இருக்கின்றது. ஹரி பீரிஸ் கொழும்பு பான்ஸ் பிளேசிலுள்ள தமது இல்லத்தில் நிறுவிய சப்புமல் மன்றம் ‘43 குழு’வினரின் ஓவியங்களைப் பேணிவருகின்றது. அங்கு செல்லும் மாணவன் முதல், கரு, உரி என்னும் மூன்று சொற்களையும் உடன்கொண்டு செல்வானாயின், ஓவியத்தைப் பற்றி மட்டுமன்றித் தொல்காப்பியத்தைப் பற்றியும் வகுப்பறையிற் கல்லாத சிலவற்றைக் கற்றுத் திரும்புவான் என்பது திண்ணம்.